கறுப்புச் சட்டையில் சுடலைமாடன்

கோயில் கொடை விழா நெருங்கினால் பாளையங்கோட்டையில் உள்ள என் அச்சுக்கடைக்கு ஊர் ஊராக இளைஞர்கள் வருவார்கள். "அண்ணாச்சி, கறுப்பு டீ-சர்ட். முன்னால் ஊர்ப் பெயர், முதுகில் சுடலைமாடசாமி. எல்லா நிறமும் பளிச்சென்று வர வேண்டும்" என்பார்கள். துணி என்ன, எத்தனை சட்டை என்று கேட்டுவிட்டுத்தான் விலை பேசுவேன்.

கறுப்புத் துணியில் மஞ்சளை நேராக அடித்தால் சேற்றுப் பச்சையாக மங்கிப்போகும். எந்த நிறத்துக்கும் கீழே வெள்ளை வேண்டும். சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலை வழியாக மையை இறக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங்கில் முதலில் வெள்ளை அடித்து, சூடு காட்டி அரைகுறையாக உலர்த்தி, அதன் மேல் மற்ற நிறங்களை ஏற்றுகிறோம். அந்த வெள்ளையை ஒரு மயிரிழை சுருக்கித்தான் வெட்டவேண்டும். இல்லையென்றால் சாமி கையிலிருக்கும் வல்லயத்தின் (ஈட்டியின்) ஓரத்தில் வெள்ளைக் கோடு எட்டிப்பார்க்கும். நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன் என்பதால் இருபது சட்டைக்கும் இருநூறு சட்டைக்கும் ஸ்கிரீன் செலவு ஒன்றுதான். இருபது பேருக்கு எட்டு நிறம் கேட்டால் நான் டிடிஎஃப் (Direct to Film) முறையின் பக்கம்தான் கைகாட்டுவேன். பிலிமில் நிறங்களையும் அவற்றின் மேல் வெள்ளையையும் அச்சிட்டு, பசைப்பொடி தூவி உருக்கி, சுமார் 150 டிகிரி சூட்டில் துணியில் அழுத்துவது அது. பருத்தியோ பாலியெஸ்டரோ, எதிலும் ஒட்டும்.

ஆனால் படத்தை அப்படியே சதுரமாக ஒட்டுவதை நான் ஏற்கவே மாட்டேன். முதுகு முழுக்க ஒரு பிளாஸ்டிக் தாள்! சித்திரை வெயிலில் நையாண்டி மேளத்துக்கு ஆடுகிற பிள்ளைக்கு அதற்குள் காற்றே போகாது. சாமிக்குப் பின்னால் இருக்கும் இருட்டை எதற்கு அச்சிட வேண்டும்? துணியே கறுப்புதானே. பின்னணியை நீக்கிவிட்டு, தீப்பந்த வெளிச்சம் படும் முகம், மீசை, குல்லாய், வல்லயம் இவற்றை மட்டும் வைத்தால், நிழல் முழுவதையும் துணி பார்த்துக்கொள்ளும். மையும் மிச்சம், முதுகும் மூச்சு விடும், படமும் இருட்டிலிருந்து எழுந்து வருவது போல நிற்கும். சட்டை நூறைத் தாண்டினால் இதே படத்தைப் புள்ளிகளாகப் பிரித்து வெள்ளை, சிவப்பு, மஞ்சள், சாம்பல் என்று நான்கே ஸ்கிரீனில் முடிப்பேன். அந்த வேலையில்தான் எனக்கு மனம் நிறையும்.

சப்ளிமேஷன் என்ற இன்னொரு அச்சு முறை கறுப்புக்கு ஆகாது. அதில் வெள்ளை மையே கிடையாது. பாலியெஸ்டர் இழைக்குள் இறங்கும் சாயம் அது. கபடி அணிகளின் அடர்நிறச் சட்டைகள்கூட வெள்ளைத் துணியில் அந்த நிறத்தையும் சேர்த்து அச்சிட்டவையே. சிவப்புப் பாலியெஸ்டரில் வேறொரு தொல்லை: சூட்டில் துணியின் சாயம் மேலேறி, வெள்ளை எழுத்து சில நாளில் ரோஸ் நிறமாகும். அதற்குச் சாயத்தைத் தடுக்கும் சாம்பல் நிற அடிப்பூச்சு வேண்டும். முடிந்தால் பருத்தியே எடுங்கள்.

டிடிஎஃப் சட்டையைத் தாமிரபரணிப் படித்துறைக் கல்லில் அடித்துத் துவைக்காதீர்கள். உட்புறம் வெளியே திருப்பிக் கையால் கசக்குங்கள்; படத்தின் மேல் இஸ்திரிப் பெட்டியை வைக்காதீர்கள்.

படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணப் புகைப்படமாக அனுப்பினால் அது சுருங்கி, மீசை மயிர்கள் கலங்கிவிடும். பென்டிரைவில் கொண்டு வாருங்கள். ஸ்கிரீன் வேலை வேண்டுமானால் கொடைக்குக் கால் நடும் சடங்கான கால்நாட்டுக்கு முன்பே வந்துவிடுங்கள். அதற்குப் பிறகு வருபவர்களுக்கு டிடிஎஃப் மட்டுமே செய்து தர முடியும்.