ஃப்ரோன்கோக் கழிவு மேட்டில் கிடைத்த நீலம்

நேற்று நான்காவது தடவையாக ஃப்ரோன்கோக் போய்வந்தேன். வேல்ஸின் கெரெடிகியன் பகுதியில், அபெரிஸ்ட்வித்துக்குத் தென்கிழக்கே மலைப்பாங்கான இடத்தில் உள்ள பழைய ஈய, துத்தநாகச் சுரங்கம் அது. மூடி நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. சுரங்கத்துக்குள் நான் இறங்குவதில்லை. நிலத்துக்காரரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொண்டு, வெளியே கொட்டிக் கிடக்கும் கழிவு மேட்டில் மட்டும் தேடுகிறேன்.

முதல் இரண்டு தடவையும் கனமான கல்லாகப் பார்த்துப் பொறுக்கினேன். கலீனா என்ற ஈயத் தாது கையில் எடுத்ததுமே தெரிந்துவிடும். தண்ணீரைப்போல ஏழரை மடங்கு அடர்த்தி. ஈயத்துக்காக அன்று தோண்டியது அதைத்தான். ஆனால் இந்த மேட்டின் உண்மையான செல்வம் தொழிலாளர்கள் போன பிறகு உண்டானது. வீசியெறிந்த கல்லில் கலீனாவும் செம்புத் தாதுவும் கொஞ்சம் ஒட்டியிருக்கும். மழையும் காற்றும் பட்டு அவை மெல்லக் கரைந்து, கல்லின் வெடிப்புகளில் லினரைட், லாங்கைட், காலிடோனைட் என்று நீல, நீலப்பச்சை நிறப் புதுக் கனிமங்களாகப் படிகின்றன. எல்லாமே மில்லிமீட்டர் கணக்குதான். பத்து மடங்கு லென்ஸ் இல்லாமல் போனால் மிதித்துவிட்டுத்தான் வருவோம்.

மூன்றாவது தடவை அப்படி ஒரு கல் கிடைத்தது. வீட்டுக்கு வந்து வழக்கம்போல பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினேன். அப்புறம் மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால், நீலப் படிகங்கள் இருந்த இடத்தில் அடிக்கட்டைகள் மட்டும். அன்று ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. இப்போது தேய்ப்பதே கிடையாது. ரப்பர் பந்தால் காற்று ஊதித் தூசி தட்டுவதோடு சரி.

நேற்றுக் கிடைத்தது உள்ளங்கையில் அடங்கும் குவார்ட்ஸ் துண்டு. உடைத்தபோது உள்ளே ஒரு சின்னப் பொந்து; அதன் ஓரத்தில் கடுகைவிடச் சிறிய, தட்டையான படிகங்கள் ஏழெட்டு, அடர்ந்த நீலத்தில் சாய்ந்து நின்றன. அசுரைட் என்ற செம்புக் கனிமமும் இதே நீலம்தான். அதனால் உதிர்ந்து கிடந்த ஒரு துணுக்கில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு துளி விட்டேன். அசுரைட் என்றால் நுரைக்கும். இது நுரைக்கவில்லை, மெல்ல வெளுத்தது. லினரைட்டேதான்! ஈயம் கலந்த கனிமம் என்பதால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் தேநீரைத் தொட்டேன்.

சிறு டப்பாவில் களிமண் வைத்துக் கல்லைப் பதித்து, இடம், தேதி, மேட்டின் எந்தப் பக்கம் என்று சீட்டு எழுதி ஒட்டியாயிற்று. சீட்டில்லாத கல்லை நான் சேகரிப்பில் சேர்ப்பதில்லை. வேல்ஸ் தேசிய அருங்காட்சியகத்தில் இருந்த அபெர்லின் சுரங்கக் கல் ஒன்றிலிருந்துதான் நாமுவைட் என்ற புதுக் கனிமத்தை 1982இல் அறிவித்தார்கள்; பெயரே அந்த அருங்காட்சியகத்தின் பெயர்ச் சுருக்கம். எங்கே எடுத்த கல் என்று யாரோ எழுதிவைத்திருந்ததால்தானே அதன் பிறப்பிடம் இன்று தெரிகிறது!

பழைய இரண்டு பயணங்களின் கற்கள் இன்னும் வாளியில் கிடக்கின்றன. இந்த வாரம் அவற்றை ஒவ்வொன்றாக மறுபடி லென்ஸில் பார்க்க உட்காரப்போகிறேன்.