நிற்காத தராசு

□ + 5 = 3 என்ற கணக்குக்கு விடை எழுதாமல், “இந்தத் தராசு நிக்காது டீச்சர், அஞ்சு இருக்கிற தட்டுல எதை வெச்சாலும் அதுதானே இறங்கும்” என்று என் மாணவி ஒருத்தி சொன்னாள். “தராசை விட்டுவிடு, எண்களை மட்டும் பார்” என்று நான் கொடுத்த பதில் சரிதானா என்பதை இன்னும் என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

சமக்குறியின் இருபுறமும் தராசின் இரு தட்டுகள் என்று காட்ட, தராசை வகுப்புக்குக் கொண்டுவந்தது நான்தான். சமக்குறியை ‘விடை எழுதும் இடம்’ என்றே பிள்ளைகள் பழகியிருக்கிறார்கள்; 8 + 4 = □ + 5 என்று கொடுத்தால் பலர் 12 என்றும், சிலர் கண்ணில் பட்டதையெல்லாம் கூட்டி 17 என்றும் எழுதுவார்கள். இது நம் பிள்ளைகளுக்கு மட்டும் உள்ள குழப்பமன்று. 1999இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஆறாம் வகுப்பு மாணவர் 145 பேரில் ஒருவர்கூட சரியான விடையான 7 என்று எழுதவில்லை. மூன்று பைகளும் இரண்டு கோலிகளும் பதினான்கு கோலிகளுக்குச் சமமென்றால் ஒரு பையில் நான்கு என்பதை, ‘அந்தப் பக்கம் போனால் கூட்டல் கழித்தலாகும்’ என்ற மனப்பாடம் இல்லாமலேயே, இரு தட்டிலிருந்தும் ஒரே அளவை எடுத்துப் பார்த்து என் மாணவர்கள் கண்டுபிடித்தார்கள். (பையின் எடை என்னாவது என்று ஒருவன் கேட்டான், அவனுக்காக எதிர்த்தட்டில் மூன்று வெறும் பைகளைப் போட வேண்டியதாயிற்று.)

ஆகவே அவள் சொன்னதில் பிழையில்லை. எடை தட்டைக் கீழேதான் இழுக்கும். பூச்சியத்துக்குக் கீழான குறை எண்ணை அதில் வைக்க வழியில்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் சமன்பாடுகளை வகைப்படுத்திய அல்-குவாரிஸ்மியே குறை எண்ணை விடையாக ஏற்கவில்லை. தட்டை மேலே இழுக்கும் பலூனைக் கற்பனை செய்யச் சொல்லலாம்தான். ஆனால் தொட்டுச் சோதிக்க முடிவதே தராசின் பலம் என்னும்போது, கற்பனைப் பலூன் இன்னொரு மனப்பாடமாகிவிடாதா?

அதனால்தான் விட்டுவிடச் சொன்னேன். அவளும் இருபுறமும் ஐந்தைக் கழித்து −2 என்று உடனே எழுதினாள். அந்த வேகம்தான் உறுத்துகிறது. இருபுறமும் ஒன்றையே செய்யலாம் என்ற நம்பிக்கை அவளுக்குத் தராசிலிருந்து வந்தது. தராசு செல்லாத இடத்தில் அது மட்டும் எப்படிச் செல்லும் என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இருபுறமும் இருப்பது ஒரே எண் என்பதே சமம், எடை அதற்கு ஓர் உதாரணம்தான் என்று விளக்கியிருக்கலாம். பதினோரு வயதில் அது எவ்வளவு எட்டியிருக்கும் என்பது வேறு கேள்வி.

இவ்வாண்டும் தராசில்தான் தொடங்கினேன். குறை எண் விடையாக வரும் கணக்குகளை மட்டும், எண்கோட்டில் முழுக்களை மீண்டும் பார்த்த பிறகு கொடுக்கலாம் என்று தள்ளிவைத்திருக்கிறேன். ஒழுங்கான வரிசை அதுவே என்று நினைக்கிறேன். ஆனால் இந்த வரிசையில் படிக்கும் யாருக்கும் அவளுடைய மறுப்பு தோன்ற வாய்ப்பில்லை.