திகதி கிடைக்காத ஒக்டோபர்

ஒக்டோபர் 17, 2025, வெள்ளி

எட்டாவது இன்னிங்ஸில் லிட்டிலை ஏன் இறக்கினார்?

இதை எழுதிவைக்காமல் நித்திரை வராது. பேஸ்போல், வேர்ல்ட் சீரிஸுக்குப் போவதற்கான தொடர், சியாற்றிலில் ஐந்தாவது ஆட்டம், 2-1 என்று நாங்கள், ரொறன்ரோ புளூ ஜேய்ஸ், முன்னால் நிற்கிறோம். எதிரே வருகிறவன் கால் ராலி. இந்த வருடம் 60 ஹோம் ரன் (சுவருக்கு மேலால் போகும் அடி) அடித்தவன், இரண்டு பக்கமும் நின்று அடிப்பவன், இடக்கைப் பிச்சரை, அதாவது எறிபவனை, கொண்டுவந்தால் வலப்பக்கம் மாறி நிற்பான், அவ்வளவுதான். ஹொஃப்மன் புல்பென்னில், மாற்றுப் பிச்சர்கள் காத்திருக்கும் இடத்தில், சும்மா இருக்கிறார். மனேச்சர் ஷ்னைடர் கூப்பிட்டது பிரெண்டன் லிட்டிலை. ராலி ஒரே அடியில் சமன் செய்தான். பிறகு அடுத்தடுத்து இரண்டு வோக், பந்து சரியாக எறியாமல் அடிப்பவனைச் சும்மா பேஸுக்கு அனுப்புவது. பிறகு டொமிங்கஸ் வந்து அறோசறேனா மேல் பந்தை எறிந்து பேஸை நிரப்பிவிட, சுவாரஸ் கிராண்ட் ஸ்லாம், ஒரே அடியில் நாலு ஓட்டம். 6-2 தோல்வி. இன்னும் ஒரு தோல்வி, வருடம் முடிந்தது.

அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து போனில், "பிள்ளை, உந்த மனேச்சருக்கு விசரோ?" என்றார். அப்புறம் நேர்ஸ் வந்து போனை வைக்கச் சொல்லிவிட்டார்.

ஒக்டோபர் 18, சனி

அப்பாவின் நெஞ்சு ஒப்பரேசனுக்குத் திகதி இன்னும் தரவில்லை. திங்கள் பார்க்கலாம் என்கிறார்கள். லிட்டில். லிட்டில். லிட்டில்.

ஒக்டோபர் 19, ஞாயிறு

22 வயதுப் பொடியன். ஏப்ரலில் டனீடனில், மைனர் லீக்கின் அடிப்படிகளில் ஒன்றில் எறிந்துகொண்டிருந்தவன், செப்டெம்பர் 15இல்தான் முதல்முறை மேலே வந்தான். இன்றைக்குத் தோற்றால் வீடு என்ற ஆட்டத்தில் ட்ரே யெசவேஜிடம் பந்தைக் கொடுத்தார்கள். மூன்றாவது, நாலாவது, ஐந்தாவது இன்னிங்ஸ் மூன்றும் டபுள் பிளேயில் (ஒரே அடியில் இரண்டு அவுட்) முடிந்தன, அதிலும் முதல் இரண்டு தடவை பேஸ் முழுக்க ஆட்கள். 6-2, எங்களுக்கு.

அவனுடைய ஸ்பிளிட்டர் என்ற பந்தை நான் அப்பாவுக்குக் கையால் காட்டினேன். இரண்டு விரலுக்கு நடுவே தோடம்பழத்தை வைத்து, நேராக வந்து கடைசி நொடியில் எப்படி விழுகிறது என்று. தோடம்பழம் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. பக்கத்துக் கட்டில் ஐயா சிரித்தார். அவருக்குத் திகதி கிடைத்துவிட்டது.

ஒக்டோபர் 20, திங்கள், தீபாவளி

ஸ்பிறிங்கர்!!!

வீட்டில் எண்ணெய் வைத்து முழுகவில்லை, பலகாரம் இல்லை, அம்மா விளக்கு மட்டும் ஏற்றினார். ஏழாவது இன்னிங்ஸ் வரை 3-1 பின்னால். பார்ஜர் வோக், கைனர்-ஃபலேஃபா ஒரு சிங்கிள், ஹிமெனெஸ் பந்தைத் தட்டி இரண்டு பேரையும் நகர்த்தினான். அப்போது சியாற்றில் மனேச்சர் டான் வில்சன் பிரையன் வூவை எடுத்துவிட்டு பஸார்டோவைக் கொண்டுவந்தார். அவர்களுடைய குளோசர், ஆட்டத்தை முடித்துவைக்கும் பிச்சர், முனியோஸ் கடைசிவரை எறியும் மேட்டுக்கு வரவேயில்லை. ஸ்பிறிங்கர் அதை இடப்பக்கச் சுவருக்கு மேலால் அனுப்பினான். 4-3. பாசிற் எட்டாவதை எறிந்தார், ஹொஃப்மன் ஒன்பதாவதை முடித்தார். 1993க்குப் பிறகு முதல்முறை இறுதித் தொடர், வேர்ல்ட் சீரிஸ்.

இன்றைக்கு சியாற்றிலில் யாரோ ஒருத்தி, பஸார்டோவை ஏன் இறக்கினார் என்று எழுதிக்கொண்டிருப்பாள்.

ஒக்டோபர் 22, புதன்

அம்மா இன்றிலிருந்து கந்தசஷ்டி. ஆறு நாளும் பழமும் தண்ணியும்தான் என்கிறார். சீனி வருத்தக்காரி இப்படிச் செய்யலாமா என்று கேட்டால், "நீ உன்ர பந்தைப் பார்" என்கிறார்.

பந்தைத்தான் பார்க்கிறேன். 2023ஐ யோசித்துக்கொண்டிருந்தேன். மினசோட்டாவில் இரண்டாவது ஆட்டம், பெரியோஸ் ஓட்டமே விடாமல் எறிந்துகொண்டிருக்க, 47 பந்தில் அவனை எடுத்துவிட்டு கிக்குச்சியைக் கொண்டுவந்தார்கள். 2-0 தோல்வி, சீசன் முடிந்தது. எண்களை வைத்து மூளையை இழந்தார்கள் என்று நானும்தான் ஏசினேன். ஆனால் அந்த ஆட்டத்தில் நாங்கள் ஒரு ஓட்டம்கூட எடுக்கவில்லை! பெரியோஸ் ஒன்பது இன்னிங்ஸ் எறிந்திருந்தாலும் பூச்சியத்தால் வெல்ல முடியாது. அதை யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை, மேட்டை நோக்கி மனேச்சர் நடந்துபோன காட்சி மட்டும் எல்லோருக்கும் ஞாபகம். பிச்சரை எடுத்தால் ஏன் எடுத்தாய், எடுக்காவிட்டால் ஏன் விட்டாய். நாங்கள் பார்ப்பது அந்த நடையைத்தான், கணக்கை இல்லை. பெரியோஸ் இப்போது முழங்கையுடன் காயப் பட்டியலில். பாவம்.

வெள்ளிக்கு அப்பாவுக்குத் திகதி கொடுத்திருக்கிறார்கள்! மத்தியானம் போன் வந்தது.

ஒக்டோபர் 23, வியாழன்

இல்லையாம். அவசரக் கேஸ் ஒன்று வந்துவிட்டதாம். அடுத்த கிழமை.

ஒக்டோபர் 24, வெள்ளி

டொட்ஜர்ஸோடு வேர்ல்ட் சீரிஸ் முதல் ஆட்டம். பிஷெட்டைப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். செப்டெம்பர் 6இல் முழங்காலைக் கெடுத்துக்கொண்ட பிறகு ஒரு ஆட்டமும் ஆடாதவனை, மேஜர் லீக்கில் ஒருநாளும் நிற்காத இரண்டாம் பேஸில் நிறுத்தினார்கள். எனக்கு முதலில் பிடிக்கவில்லை. ஹிமெனெஸ் ஷோர்ட்ஸ்டொப்பில் வடிவாக நிற்கிறான், ஏன் குழப்ப வேண்டும்? அப்பா சொன்னார்: "அவன் நொண்டி நொண்டி நிண்டாலும் சராசரி .311 அடிச்சவன், பிள்ளை." சரி, அப்பா சொன்னதுதான் சரி.

ஆறாவது இன்னிங்ஸில் ஒன்பது ஓட்டம். ஒன்பது! இன்னொருவனுக்குப் பதிலாக மட்டை பிடிக்க வந்த பார்ஜர் கிராண்ட் ஸ்லாம் அடித்தான், வேர்ல்ட் சீரிஸ் வரலாற்றில் அப்படி வந்து அடித்த முதல் ஆள். முந்தின இரவு அவன் டேவிஸ் ஷ்னைடருடைய ஹோட்டல் அறையில் சோபாவை இழுத்துப் படுத்தவனாம் (இந்த ஷ்னைடர் மனேச்சருக்குச் சொந்தமில்லை, தம்பி ஒவ்வொரு முறையும் கேட்கிறான்). 11-4. நானும் ஒரு கிழமையாகக் கதிரையில்தான் படுக்கிறேன், என்னையும் யாராவது மட்டை பிடிக்கக் கூப்பிடட்டும்.

ஒக்டோபர் 25, சனி

டொட்ஜர்ஸின் யமமொட்டோ. முழு ஆட்டமும் தானே எறிந்தான், 105 பந்து, கடைசி 20 பேரையும் வரிசையாக அனுப்பினான். 5-1 தோல்வி. எங்கள் ஆட்களில் பிழையே இல்லை. டொட்ஜர்ஸ் மனேச்சருக்கு இன்றைக்கு வேலையும் இல்லை.

ஒக்டோபர் 28, செவ்வாய், விடிய நாலு மணி

நித்திரை இல்லை, கை நடுங்குகிறது, கோப்பியால்.

நேற்று சூரசங்காரம். பின்னேரம் அம்மாவைக் கோயிலுக்குக் கொண்டுபோய் விட்டேன். சூரன் ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்து எட்டு மணிக்கு ரீவியைப் போட்டோம். முடிந்தபோது மூன்று மணி ஆகப்போகிறது. 18 இன்னிங்ஸ், ஆறு மணித்தியாலம் 39 நிமிடம். டொட்ஜர்ஸின் ஒஹ்டானி ஒன்பது தடவை பேஸுக்குப் போனான், இரண்டு ஹோம் ரன், இரண்டு டபுள் (இரண்டு பேஸ் அடி), பிறகு ஐந்து வோக், அதில் நாலு வேண்டுமென்றே கொடுத்தது. தலை தலையாக மாறிக்கொண்டு வரும் சூரனைப் போல ஒவ்வொரு முறையும் அவன்தான் வந்து நின்றான், ஆனால் எங்களிடம் வேல் இல்லை. ஸ்பிறிங்கர் ஏழாவதில் விலாவைப் பிடித்துக்கொண்டு வெளியே போனான். எரிக் லவர் நாலேமுக்கால் இன்னிங்ஸ் மாதிரி எறிந்தார், ஒரு ஓட்டமும் விடவில்லை. போன வருடம் கொரியாவில் எறிந்துகொண்டிருந்த மனிசன், மைனர் லீக் ஒப்பந்தத்தில் வந்தவர். இந்த ஆட்டத்தைப் பற்றி யார் எழுதினாலும் அவர் பெயரை முதலில் எழுத வேண்டும்.

பிறகு 18ஆவதில் அவர்களுடைய ஃப்ரீமன் ஹோம் ரன், தோல்வி. எறிந்தது யார்? லிட்டில்.

நான் ரிமோட்டை எறிந்தேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

அப்பாவும் நித்திரை கொள்ளவில்லை, காதுக்குள் வயரை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார், குசுகுசுத்தார்: "அவனை ஏசாதை. வேற ஆரும் மிச்சம் இல்லை. மற்றவன் நாளைக்கு எறிய வேணும்." உண்மைதான். பீபரை எடுத்தால் நாலாவது ஆட்டத்துக்கு ஆளில்லை. அவன் போன தடவை தோற்றது என் மனதில் இருந்தது, அப்பாவின் மனதில் புல்பென் கதவு இருந்தது. யாருமில்லாத இடத்தில் நடந்துபோய் நின்றவன் அவன். இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் போகவில்லை, அது வேறு.

குசினியில் வெளிச்சம். அம்மா பாறணைக்குக் கறிகள் வைக்கிறார். கத்தரிக்காய் மணக்கிறது. ஆறு நாள் சாப்பிடாத மனிசி மூன்று மணிவரை விழித்திருந்து இப்போது தேங்காய் துருவுகிறார். நான் போய்த் துருவ வேண்டும்.

ஒக்டோபர் 28, இரவு

6-2, எங்களுக்கு. எங்கள் விளாடி கெரேரோ ஹோம் ரன், ஒஹ்டானியின் பந்தில், அவன் எறியவும் செய்வான். தொடர் 2-2. எங்களுக்கு எறிந்த பீபர் 2024இல் முழங்கையைத் திறந்து தைத்தவர். எவ்வளவு காலம் எடுத்தது திரும்பி எறிய என்று அப்பா கேட்டார். பதினாறு மாதம் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். கையும் நெஞ்சும் ஒன்றில்லை அப்பா என்றேன்.

ஒக்டோபர் 29, புதன்

முதல் பந்து, டேவிஸ் ஷ்னைடர், ஹோம் ரன். மூன்றாவது பந்து, விளாடி, ஹோம் ரன். நான் இன்னும் சப்பாத்துக் கழற்றவில்லை.

யெசவேஜ் 12 ஸ்ரைக் அவுட், ஒரு வோக்கும் இல்லை, ஏழு இன்னிங்ஸ். வேர்ல்ட் சீரிஸில் புதுமுகம் ஒருவன் இதுவரை இவ்வளவு எடுத்ததில்லை. 6-1. இன்னும் ஒன்று போதும், இரண்டு ஆட்டமும் ரொறன்ரோவில்.

அப்பாவுக்கு நவம்பர் 3, திங்கள். காலை முதல் ஆள். எழுதித் தந்திருக்கிறார்கள், தாளில். தாளைப் படம் எடுத்து வைத்தேன்.

ஒக்டோபர் 31, வெள்ளி

மிட்டாய் கேட்டு வந்த பிள்ளைகளில் பாதிப்பேர் விளாடி, 27ஆம் நம்பர்.

மூன்றாவது இன்னிங்ஸ். எங்கள் கோஸ்மன் அதுவரை தேவன் மாதிரி எறிகிறார். ஒஹ்டானிக்கு வேண்டுமென்றே வோக் கொடுத்துவிட்டு வில் ஸ்மித்தோடு மோதினார்கள், அவன் டபுள். பிறகு முக்கி பெட்ஸ், இந்த சீரிஸ் முழுக்கத் தடவிக்கொண்டிருந்தவன், இரண்டு பேரை உள்ளே அனுப்பினான். 3-1 அவர்களுக்கு. அதுதான் முடிவும். ஒஹ்டானிக்கு வோக் கொடுத்ததில் எனக்கு ஆட்சேபம் இல்லை, நானும் கொடுத்திருப்பேன்.

ஒன்பதாவதில் பார்ஜர் அடித்த பந்து சுவரின் அடியில் போய்ச் செருகிக்கொண்டது. செருகாமல் துள்ளியிருந்தால் ஒரு ஓட்டம் நிச்சயம். விதிப்படி இரண்டு பேஸ்தான். இரண்டாவது, மூன்றாவது பேஸில் ஆள், அவுட்டே இல்லை, க்ளெமென்ட் முதல் பந்தையே மேலே அடித்தான், ஹிமெனெஸின் அடி கீக்கே ஹெர்னாண்டஸ் கையில், அவன் ஓடிவந்த வேகத்திலேயே இரண்டாம் பேஸுக்கு எறிய, பார்ஜர் நடு வழியில். ஆட்டம் சரி.

தம்பி பார்ஜரை ஏசுகிறான். நான் க்ளெமென்டை. அப்பா சுவரை.

நவம்பர் 2, ஞாயிறு

இரண்டு மணிக்கு மணிக்கூட்டைப் பின்னால் திருப்ப வேண்டும், இந்த இரவுக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் கூட. யார் கேட்டது?

ஏழாவது, கடைசி ஆட்டம். எங்கள் ஷேர்சர் 41 வயதில் நாலரை இன்னிங்ஸுக்குக் கொஞ்சம் குறைய, ஒரே ஒரு ஓட்டம். நொண்டிக் காலோடு பிஷெட் ஒஹ்டானியின் பந்தில் மூன்று ஓட்ட ஹோம் ரன் அடித்தான். (அப்பா, மன்னித்துக்கொள்ளுங்கள்.) 4-3 நாங்கள் முன்னால், ஒன்பதாவது, ஒரு அவுட், வருகிறவன் றோஹாஸ், ஒன்பதாம் நம்பர், ஹோம் ரன்காரனே இல்லை. ஹொஃப்மன் எறிந்தார், அவன் ஹோம் ரன் அடித்தான், சமன். வெற்றிக்கு இரண்டு அவுட் தூரம். சியாற்றிலில் இறக்கவில்லை என்று நான் அழுத அதே ஹொஃப்மன்.

அதே இன்னிங்ஸில் எங்கள் முறை, பேஸ் முழுக்க ஆட்கள், ஒரு அவுட். பிஷெட்டுக்குப் பதிலாக ஓட விட்ட கைனர்-ஃபலேஃபா மூன்றாம் பேஸை ஒட்டிக்கொண்டு நின்றான். முந்தின இரவு பார்ஜர் பிடிபட்டதால் ஒட்டி நிற்கச் சொல்லியிருப்பார்கள், என் ஊகம். வார்ஷோ தரையில் அடித்தான், றோஹாஸ் தடுமாறி ஹோம் தட்டுக்கு எறிந்தான், அங்கே நின்ற ஸ்மித்தின் கால் தட்டைவிட்டு எழும்பித் திரும்ப வைத்தது, ஒரு பாதத்தின் அளவில் அவுட். ஒரு எட்டு முன்னுக்கு நின்றிருந்தால். ஒரே ஒரு எட்டு.

11ஆவதில் ஸ்மித் ஹோம் ரன், பீபரின் பந்தில். எங்கள் முறையில் விளாடி டபுள், மூன்றாம் பேஸ் வரைக்கும் வந்தான், அங்கேயே நின்றான். முந்தின இரவு 96 பந்து எறிந்த யமமொட்டோவைத் திரும்ப இறக்கியிருந்தார்கள். கேர்க்கின் மட்டை முறிந்தது, டபுள் பிளே. 5-4 தோல்வி.

தம்பி காரை எடுத்துக்கொண்டு எங்கேயோ போய்விட்டான். அம்மா விளக்கை அணைத்தார். ஒரு மணிக்கு அப்பா போன். அழுவார் என்று நினைத்தேன்.

"93இல நான் ஃபக்ரறியில இரவு வேலை. கார்ட்டர் அடிச்சதை ரேடியோவிலதான் கேட்டனான், பார்க்கேல்லை. இதை முழுக்கப் பார்த்தனான்."

"தோத்திட்டம் அப்பா."

"ஓம். பார்த்தனான்."

நவம்பர் 3, திங்கள்

7:20. அப்பாவை உள்ளே கொண்டுபோனார்கள். கண்ணாடி, பல், மோதிரம் எல்லாம் என் பையில். கதவடியில் அவர் கேட்டது: "பிஷெட்டின்ர ஒப்பந்தம் முடிஞ்சுதல்லோ, வைச்சிருப்பாங்களோ?" வைத்திருப்பார்கள் என்று சொன்னேன். விளாடிக்கு 14 வருடத்துக்கு 50 கோடி டொலர் கொடுத்தவர்கள், இவனுக்கும் ஏதாவது கொடுக்கத்தான் வேண்டும்.

9:40. அம்மா கவசம் இரண்டாம் முறை.

11:05. டொக்டர் யார் என்று பெயர்ப்பலகையில் பார்த்தேன், இளம் ஆள். எத்தனை மணிக்கு வேலைக்கு வந்தார், இரவு நித்திரை கொண்டாரா, நடுவில் ஆள் மாறுவார்களா. கேட்கவில்லை.

1:15. கதவு திறந்தது. வேறொருவருடைய ஆட்களைக் கூப்பிடுகிறார்கள்.