மாமாவின் பேட்டரி

செப்டம்பர் 24, திருவையாறு

மாமாவின் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் கண்டியூர் தாண்டி மறுபடியும் நின்றுவிட்டது. பால் கேன்களை வேறு வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, "மாப்ள, பேட்டரி செத்துப்போச்சுங்கிறாங்க, நெசமாடா?" என்றார். குறுவை அறுப்பு நேரம். ரோட்டில் பாதிக்கு நெல் காய்கிறது. ஒரு மாதமாக ஓரத்துப் பள்ளத்தில்தான் அவர் வண்டி ஓடுகிறது.

பேக்கைத் திறந்தேன். 13 வரிசை, வரிசைக்கு 8 செல். ஒரு செல்கூடச் சாகவில்லை. ஏழாவது வரிசையில் நிக்கல் பட்டை இரண்டு இடத்தில் விட்டிருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் வெல்டு புள்ளி செல்லின் தலையில் அப்படியே இருக்கிறது. அதன் விளிம்போரம் பட்டை பிறை வடிவில் கிழிந்திருக்கிறது. ஒரே அடியில் அறுந்ததல்ல, ஆடி ஆடி அறுந்தது. 8 செல்லின் கரண்டை 6 செல் சுமந்திருக்கிறது. அந்த வரிசை முதலில் இறங்கியதும் கட்டுப்பாட்டு போர்டு மொத்த வண்டியையும் அணைத்துவிடும். விட்டுப்போன இரண்டு செல்லும் மற்றவற்றைவிட அதிக வோல்ட் காட்டின. பாவம், நல்ல செல்கள்.

செப்டம்பர் 28, கல்லூரி ஆய்வகம்

செல்லின் சொந்த அதிர்வெண்ணை அறிய, புது 18650 செல் (18 மி.மீ. குறுக்களவு, 65 மி.மீ. நீளமுள்ள லித்தியம் செல்) ஒன்றை நைலான் நூலில் தொங்கவிட்டு, விசை அளக்கும் சின்னச் சுத்தியலால் தட்டினேன். 'டிங்' என்று ஒலிக்காது, 'டொக்'தான். உள்ளே செம்புத் தாளும் அலுமினியத் தாளும் பிரிப்பானும் திரவத்தில் நனைந்து பாய் மாதிரி சுருண்டிருக்கின்றன. அதிர்வை அவை விழுங்கிவிடும்.

செல்லே சுமார் 45 கிராம்தான். அதனால் மெழுகில் ஒட்டிய சென்சாரின் எடைகூட அளவை மாற்றுகிறது. அதே எடையில் இன்னொரு துண்டை ஒட்டினேன், அதிர்வெண் இறங்கியது. மிருதங்கத்தின் வலது முகமான வலந்தலையில் கரணை ஏற்றுகிறவருக்கு இது புதிதல்ல. அந்தக் கறுப்புப் பூச்சின் எடைதான் மிருதங்கத்தின் மேற்சுரங்களை இசைவாக்குகிறது என்று திருவானைக்காவலில் பிறந்த சி.வி.ராமன் 1920இலேயே எழுதினார். மிருதங்கத்துக்கு வரமான எடை எனக்குப் பிழை. கழித்துப் பார்த்தாலும் செல்லின் சொந்த அதிர்வெண் சில ஆயிரம் ஹெர்ட்ஸில் நிற்கிறது.

அக்டோபர் 4

அதிர்வு மேசையில் தனிச் செல். லித்தியம் பேட்டரிகளை அனுப்புமுன் செய்யும் ஐ.நா. சோதனையான யு.என். 38.3 விதிப்படி 7 ஹெர்ட்ஸிலிருந்து 200 வரை ஏறி, மறுபடி 7க்கு இறங்க 15 நிமிடம். இப்படி 12 தடவை, மூன்று திசையிலும். ஆக 9 மணி நேரம். உச்சத்தில் 8 ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல எட்டு மடங்கு முடுக்கம். கசிவு, வெடிப்பு, தீ எதுவும் கூடாது; வோல்ட் 90 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. மணல் வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செல் அசையவில்லை. ஆயிரக்கணக்கில் இருப்பதை 200 என்ன செய்யும்?

அக்டோபர் 6

இன்று மாமாவின் பேக்கையே ஏற்றினேன். 40 ஹெர்ட்ஸை நெருங்கும்போதே பிளாஸ்டிக் தாங்கி கடகடத்தது. கிளிப் ஒன்று விரிசல், நுரைத்துண்டு நழுவியிருந்தது. 104 செல்லின் ஆட்டத்தையும் அந்த மெல்லிய பட்டை தாங்கியிருக்கிறது. கரண்ட் கடத்த வைத்ததைக் கட்டுக்கயிறாக்கிவிட்டார்கள். எனக்கு ஆத்திரமே வந்தது. செல்லுக்குச் சான்றிதழ் காட்டி விற்றவர்கள் செல்லைப் பிடித்திருக்கும் கையைப் பார்க்கவேயில்லை.

அக்டோபர் 12

புதுத் தாங்கி, இறுக்கமான அடைப்பு, பட்டையில் கொஞ்சம் தளர்வுக்கு ஒரு வளைவு. 40 ஹெர்ட்ஸ் பக்கம் எழுந்த அதிர்வு மேடு 110 தாண்டிப் போய்விட்டது. மாமா வண்டியை எடுத்துக்கொண்டு போனார், அதே ஓரத்துப் பள்ளத்தில். தீபாவளி கழிந்ததும் திறந்து ஏழாவது வரிசையை லென்ஸில் பார்க்க வேண்டும்.