எட்டேகால் கோலும் நூற்றைம்பது லிங்க்கும்

அப்பா போன பிறகு வயலை அண்ணனும் நானும் பிரித்துக்கொள்வது என்று முடிவானது. பாபநாசம் பக்கம், ஒரே ஒரு வயல். பட்டாவில் 0 ஹெக்டேர் 14.50 ஏர். ஒரு ஏர் என்றால் நூறு சதுர மீட்டர். உட்பிரிவுக்கு மனு போடுமுன் பழைய காகிதங்களோடு அளவை ஒருமுறை ஒத்துப் பார்த்துவிடலாம் என்று டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். ஒரு மாலை வேலை என்று நினைத்தது மூன்று வாரம் இழுத்துவிட்டது.

கையில் மூன்று காகிதம். தாத்தா வாங்கிய 1938ஆம் வருடக் கிரயப் பத்திரம். ஏதோ வழக்குக்காக அப்பா வாங்கி வைத்திருந்த பழைய எஃப்.எம்.பி., அதாவது வயலின் அளவுகள் போட்ட சர்வே படத்தின் நகல். இணையத்தில் இறக்கிய இப்போதைய எஃப்.எம்.பி. புதியதில் கிழமேல் 30.2, தென்வடல் 48.3 என்று மீட்டரில் இருந்தது. பழையதில் 150, 240. எந்த அலகு என்று படத்தில் எங்கேயும் இல்லை. அடியாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். 30.2 மீட்டர் என்றால் 99 அடி. அப்படியானால் மீதி 51 அடி எங்கே போனது?

பக்கத்து வயல்காரர் வருடா வருடம் வரப்பை வெட்டிக் குறுக்குகிறார் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பார். அன்று இரவே அண்ணனுக்குப் போன் போட்டு அந்தக் குற்றச்சாட்டைப் புதுப்பித்தேன். யார் கண்ணிலும் படாமல் 51 அடிக்கு வரப்பை நகர்த்த ஒரு பூதம்தான் வரவேண்டும் என்பது அப்போது தோன்றவில்லை. "அது லிங்க்கா இருக்கும்டா" என்றான் அண்ணன். லிங்க் என்றாலும் ஒரு அடிதானே என்று அடித்துச் சொன்னேன். நிலம் அளக்கும் நூறடிச் செயின், அதில் நூறு லிங்க், அதாவது கண்ணி என்று எப்போதோ படித்தது மனசில் அப்படியே நின்றுவிட்டது.

தெருக்கோடியில் ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவர் இருக்கிறார். படத்தைப் பார்த்ததுமே சிரித்தார். "தம்பி, கிரிக்கெட் பார்ப்பேல்ல? பிட்ச் நீளம் எவ்வளவு?" 22 கெஜம் என்றேன். "அதுதான் நம்ம செயின். 66 அடி."

கன்டர் என்ற ஆங்கிலேயர் 1620 வாக்கில் வகுத்த செயின் அது. நூறடிச் செயினும் இருந்தது உண்மைதான். 1802இல் பரங்கிமலை அருகே லாம்டன் என்ற ஆங்கிலேய நில அளவையாளர் தன் சர்வேயின் முதல் கோடான அடிக்கோட்டை அளந்தது நூறடிச் செயினால். ஆனால் வயல் அளந்தது கன்டர் செயினால். அதன் நூறில் ஒரு பங்கு லிங்க், அதாவது 0.66 அடி, 7.92 அங்குலம். கேட்க அசட்டு எண் மாதிரி இருக்கிறதே என்றேன். அதில்தான் சூட்சுமம் என்றார் அவர். பத்துச் சதுரச் செயின் ஒரு ஏக்கர். அப்படியென்றால் ஆயிரம் சதுர லிங்க் ஒரு சென்ட். 150ஐ 240ஆல் பெருக்கினால் 36,000. கடைசி மூன்று சைபரை அடித்தால் 36 சென்ட். கால்குலேட்டரே வேண்டாம். பட்டாவின் 14.50 ஏரை 2.471ஆல் பெருக்கினால் 35.83 சென்ட். கிட்டத்தட்ட சரி. நான் நினைத்தபடி அடியாக இருந்திருந்தால் எண்பத்திரண்டரை சென்ட் வந்திருக்கும். அவ்வளவு நிலம் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இருந்ததில்லை.

அப்புறம் பத்திரம். அதில் அளவெல்லாம் கோல் என்ற பழைய நீள அளவில். கிழமேல் கோல் "அவ" என்று எழுதியிருந்தது. ஏதோ வார்த்தையில் பாதி அழிந்துவிட்டது என்று இரண்டு நாள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். "எட்டேகால் லட்சணம்" என்ற வசை திடீரென்று ஞாபகம் வந்தது. தமிழ் எண்ணில் எட்டு 'அ', கால் 'வ'; எட்டேகால் லட்சணம் என்றால் அவலட்சணம். ஆக, எட்டேகால் கோல். தென்வடல் பதின்மூன்றேகால். பரப்பு ஒரு மா ஒன்பது குழி.

கோலின் நீளம் ஊருக்கு ஊர் மாறும் என்பதால் இங்கே கொஞ்சம் திணறினேன். எங்கள் பக்கம் ஒரு மாவுக்கு 33 சென்ட் என்பார்கள். ஒரு மாவுக்கு நூறு குழி, ஒரு குழி ஒரு சதுரக் கோல். 33 சென்டை நூறால் வகுத்தால் குழிக்கு சுமார் 144 சதுர அடி. அப்படியானால் கோல் 12 அடி. எட்டேகால் கோல் 99 அடி! நூற்றைம்பது லிங்க்கும் 99 அடி. தென்வடலில் மட்டும் பத்திரம் அரையடிக்குச் சற்றுக் கூடுதல், 159 அடி. கால் கோலுக்குக் கீழே யாரும் எழுதவில்லை போலிருக்கிறது.

மீட்டருக்கு மாற்றும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு லிங்க் 0.2012 மீட்டர். அவசரத்துக்கு 0.2 என்று போட்டால் 240 லிங்க்குக்கு 48.00 வரும், சரியானது 48.28. அந்த 28 சென்டிமீட்டர் ஒரு வரப்பின் அகலம். ஊரில் பேச்சுவார்த்தை நிற்க அது போதும்.

36க்கும் 35.83க்கும் நடுவே சுமார் 75 சதுர அடி தொங்கியது. அண்ணி அதைப் பற்றி இரண்டு முறை கேட்டார். பட்டாவில் 14.57 என்பதை 14.50 ஆக்கியிருக்கிறார்கள், நிலம் எங்கேயும் போகவில்லை என்று காகிதத்தில் போட்டுக் காட்டிய பிறகுதான் விட்டார்.

உட்பிரிவுக்கு சர்வேயர் அளக்க வந்த அன்று தென்கிழக்கு மூலைக் கல் வரப்புக்குள் ஒரு முழ ஆழத்தில் கிடைத்தது. கடப்பாரை எடுத்து வந்து தோண்டிக் கொடுத்தவர் பக்கத்து வயல்காரர்தான். டேப்பைப் பிடித்தால் 30.15. கையைக் கழுவிக்கொண்டே, தன்னிடமும் மாமனார் ஊர்ப் பத்திரம் ஒன்று இருக்கிறது, அதில் எல்லாம் கோல் கணக்கு, பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். அந்த ஊரில் ஒரு மாவுக்கு எத்தனை சென்ட் சொல்வார்கள் என்று கேட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.