பைன் மரத்தடியில்

மழை விட்டதும் கொடைக்கானல் பைன் காட்டில் ஒரு பையன் காளான்களை எத்திக்கொண்டே போனான். பார்க்க மனசு கேட்கவில்லை.

நல்லவேளை, பூஞ்சை அதனால் சாகாது. காளான் அதன் பழம் மாதிரி. உடம்பு மண்ணுக்குள் இருக்கிறது.

சருகை இரண்டு விரல் ஆழம் விலக்கிப் பாருங்கள். பைன் வேர்நுனிகள் குட்டையாகத் தடித்து, இரண்டிரண்டாகக் கிளைத்திருக்கும். மேலே மெல்லிய உறை. அதுதான் பூஞ்சை. வேர் எட்டாத இடத்துப் பாஸ்பரஸையும் தண்ணீரையும் மரத்துக்குக் கொடுத்து, சர்க்கரை வாங்கிக்கொள்கிறது.

பைன் இந்த மலைக்கு வெளியிலிருந்து வந்த மரம். கூட்டாளிப் பூஞ்சை இல்லாத நாற்றங்காலில் நாற்று மஞ்சளடித்துக் குன்றிவிடும். பழைய பைன் மரத்தடி மண்ணைப் பத்தில் ஒரு பங்கு கலந்தால் தேறும். நோயில்லாத மரத்தடியில் ஈரமண்ணாக எடுங்கள். வெயிலில் காய்ந்தால் பூஞ்சை செத்துவிடும்.

காளான் விதை மாதிரி உதிர்க்கும் வித்துத்தூளைப் பார்க்க ஆசையா? நன்றாக விரிந்த குடையைக் காம்பு நீக்கி வெள்ளைத்தாளில் கவிழ்த்து, கிண்ணத்தால் மூடி ராத்திரி முழுக்க விடுங்கள். மொட்டாகவோ காய்ந்தோ இருந்தால் தூள் விழாது.

தூளின் நிறத்தை மட்டும் நம்பி எதையும் சமைத்துவிடாதீர்கள். பைனடியில் நச்சுக்காளானும் முளைக்கும்.