டன்பிரிட்ஜ் குறிப்புகள்: ஜூன்

ஜூன் 3, திங்கள்

பேறுகாலம் நெருங்கிய மகளுக்கு பி.பி. 138/88. இப்போதைக்கு மாத்திரை வேண்டாமாம். தினம் இரண்டு வேளை பார்த்து எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறாள் மிட்வைஃப். பிள்ளை தலை இன்னும் இறங்கவில்லை. நடக்கணும், நிறைய நடக்கணும். டன்பிரிட்ஜ் கடைத்தெருவிலேயே எத்தனை தடவை நடப்பது? பழைய வீடுகளையும் தோட்டங்களையும் காக்கும் நேஷனல் டிரஸ்ட்டின் உறுப்பினர் அட்டையை மாப்பிள்ளை எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கென்ட் முழுக்கத் தோட்டமும் பழைய வீடும்தான், போய் நடங்கள் என்கிறார்.

தம்பி போனை எடுக்கவில்லை.

ஜூன் 5, புதன்

பென்ஸ்ஹர்ஸ்ட் பிளேஸ். அட்டை இங்கே செல்லாது. சிட்னி குடும்பத்தார் இன்றும் வைத்திருக்கும் வீடு, 1552இல் ஆறாம் எட்வர்ட் கொடுத்தது. அதற்கும் இருநூறு வருஷம் முன்னால், 1341இல், லண்டனில் வியாபாரம் செய்து பணம் சேர்த்த ஒருவர் கட்டிய பெரிய கூடம் அப்படியே நிற்கிறது. கூடத்துக்கு நட்ட நடுவே எட்டுப் பட்டையாக ஓர் அடுப்பு. புகைபோக்கி கிடையாது. புகை அறுபது அடி ஏறி, செஸ்ட்நட் மர உத்தரங்களுக்கு நடுவே போய்த்தான் வெளியேற வேண்டும். கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே பியோனி வரிசை. நூறு மீட்டர் நீளம், எல்லாம் இளஞ்சிவப்பு. நேற்றைய மழையில் பாதிப் பூ தலை கவிழ்ந்து புல்லில் கிடந்தது. விரியாத மொட்டு ஒன்றைக் குனிந்து பார்த்தேன். மொட்டை மூடிய பச்சை இதழ் விளிம்பில் கசியும் தேனை எறும்புகள் சுற்றிச் சுற்றி நக்கிக்கொண்டிருந்தன. பூவுக்குக் கெடுதல் எதுவும் இல்லை, தட்டிவிட வேண்டாம் என்று அங்கே வேலை செய்த பெண் சொன்னாள். மகள் பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். கணுக்காலில் விரலை அழுத்திப் பார்த்தேன். குழி விழவில்லை.

நானூற்றெழுபது வருஷம் பாகம் பிரிக்காமல் ஒரு வீடு எப்படி நிற்கும் என்று கேட்டேன். "பெரும்பாலும் மூத்த பையனுக்கே மொத்தமும் போயிரும்மா. மத்தவங்க வேற வழி பாத்துக்கணும்" என்றாள். மேற்கொண்டு நான் கேட்கவில்லை.

ஜூன் 6

காலை 134/86. மாலை 136/86.

ஜூன் 8, சனி

ஸ்காட்னி. மாப்பிள்ளை கார் ஓட்டினார்.

மேட்டில் ஒரு வீடு. கீழே பள்ளத்தில், அகழித் தண்ணீருக்கு நடுவே, வட்டக் கோபுரம் ஒன்றும் பாதிச் சுவர்களுமாகப் பழைய கோட்டை. ஜன்னல் இருந்த ஓட்டைகளில் கொடி ஏறியிருக்கிறது. இவ்வளவு அழகான இடிபாட்டை நான் பார்த்ததே இல்லை. அரை மணி நேரம் மகிழ்ச்சியாக இருந்தேன். பிறகு பலகையைப் படித்தேன்.

அது தானாக இடியவில்லை. எட்வர்ட் ஹஸ்ஸி என்பவர் 1837இல் மேட்டில் புது வீடு கட்டத் தொடங்கினார். கல்லை அதே சரிவிலேயே வெட்டி எடுத்தார். 1843இல் புது வீடு முடிந்ததும், தாத்தா காலத்தில் வாங்கிய பழைய வீட்டின் ஒரு பகுதியை வேண்டுமென்றே இடிக்க வைத்தார். மேலிருந்து பார்க்க இடிபாடு ஒன்று வேண்டியிருந்தது. கல் வெட்டிய பள்ளத்தையும் விடவில்லை, தோட்டமாக்கிவிட்டார். அசேலியா முடியும் சமயம். மஞ்சள் பூக்கள் உதிர்ந்து ஈரப் பாறையில் ஒட்டிக் கிடந்தன. ஊரெல்லாம் புகழும் காட்சி. எனக்கு அதற்கு மேல் பார்க்கப் பிடிக்கவில்லை.

தம்பி அங்கே இருக்கும்போதுதான் கூப்பிட்டான். ஊரில் எங்கள் பூர்வீக வீட்டை விற்க அட்வான்ஸ் வாங்கிவிட்டானாம். "ஆடி பொறக்கும் முன்ன பத்திரத்த முடிக்கணும்க்கா. ஒன் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி."

வாங்குகிறவர் வீட்டை வைத்துக்கொள்வாரா என்று கேட்டேன்.

"அவருக்கு மனைதான்க்கா வேணும்."

பட்டாசலில் அப்பா சாய்வு நாற்காலி போட்டிருந்த இடத்தில் தரை மட்டும் தனியாக வழுவழுவென்று இருக்கும். நாற்காலிக்கால் நாலும் பதிந்த குழிகூட இருக்கும். அதை இவன் பார்த்திருக்கிறானா?

ஜூன் 9

தூக்கமில்லை. ஒன்பதரை வரை வெளிச்சம், நாலரைக்கெல்லாம் மறுபடி விடிந்துவிடுகிறது. 136/88.

ஜூன் 12, புதன்

ஐடம் மோட். நாலு பக்கமும் தண்ணீர், சுவர் தண்ணீருக்குள்ளிருந்தே எழும்புகிறது. 1320 வாக்கில் கட்டத் தொடங்கிய வீடு. அதன் பிறகு வந்த ஒவ்வொரு நூற்றாண்டும் ஓர் அறையோ ஒரு கூரையோ சேர்த்திருக்கிறது. எதுவும் எதோடும் முட்டவில்லை.

முற்றத்தில் ஒரு நாய்க்கூண்டு. கூரையும் முகப்புமாகச் சின்ன வீடே. டைடோ என்ற செயின்ட் பெர்னார்ட் நாய்க்காக 1890களில் செய்தது. அதற்கும் சட்டப்படி முதல் தரப் பாதுகாப்பு உண்டு. இடிக்க முடியாது, நகர்த்த முடியாது. நான் அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். மகள் என்னம்மா என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

1953இல் இதை வாங்கியவர் சார்லஸ் ஹென்றி ராபின்சன் என்ற அமெரிக்கர். விலை பேசிவிட்டுக் கப்பலில் ஊர் திரும்பும்போது மனம் மாறி, வேண்டாம் என்று கடிதம் எழுதினாராம். எழுதியவர் தபாலில் சேர்க்கவில்லை. வாங்கினார், பழுது பார்த்தார், வருஷத்தில் சில வாரங்கள் வந்து தங்கினார். 1985இல் இறந்தபோது வீட்டை டிரஸ்டுக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார். அவர் சாம்பலை இந்த வீட்டுச் சுவருக்குள்ளேயே வைத்துப் பூசியிருக்கிறார்கள். பிறகு 1989 தொடங்கி 2004 வரை ஒரு கோடி பவுண்டு செலவில் வீட்டையே பிரித்துச் சரிசெய்தார்கள்.

ரத்தம் வேண்டாம், பரம்பரை வேண்டாம். ஒருவனுக்குப் பிடித்திருந்தது. அதுவே போதுமாக இருந்திருக்கிறது.

மகள் படி ஏறவில்லை. மூச்சு வாங்குகிறது. பிள்ளை ராத்திரி முழுக்க உதைக்கிறதாம். உதைக்கட்டும், நல்லதுதான்.

ஜூன் 15, சனி

சார்ட்வெல், சர்ச்சில் வீடு. எனக்கு வர மனமில்லை, சொல்லவும் செய்தேன். 1943இல் வங்காளத்தில் லட்சக்கணக்கில் செத்தார்களே, அந்த நேரத்துப் பிரதமர் வீட்டில் எனக்கென்ன ரோஜா வேண்டியிருக்கிறது? ரேடியோவில் பஞ்சச் செய்தி கேட்டதை அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை புரிந்துகொண்டார். அவர்கள் வீட்டுக்குள் போய்வந்தார்கள், நான் காய்கறித் தோட்டத்தோடு நின்றுவிட்டேன்.

அங்கே செங்கல் மதில் ஒன்று. சர்ச்சில் கொத்து வேலை பழகித் தன் கையால் கட்டியது. 1928இல் கொத்தனார் சங்கத்திலேயே சேர்ந்திருக்கிறார். அந்த மதிலோடு ஒட்டி, கடைக்குட்டி மகள் மேரி விளையாட ஒரு சின்னச் செங்கல் வீடு. அதை மட்டும் பார்த்தேன்.

140/88. உட்கார்ந்து ஓய்வெடுத்துப் பார்த்தால் 136.

ஜூன் 17, திங்கள்

தம்பி மனைவி வாட்ஸப்பில் பேசி அனுப்பியிருக்கிறாள். மதினி, மதினி என்று வாய் நிறையக் கூப்பிட்டு, அத்தனை நகை போட்டு, சீர் செய்து, இந்தப் பேறுகாலம் வரைக்கும் பிறந்த வீட்டிலிருந்து எது குறைந்தது என்கிறாள். ஒன்றும் குறையவில்லை. நானும் குறை சொல்லவில்லை.

விடுதலைப் பத்திரம். என் பங்கை விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதிக்கொடுப்பது. பேரைப் பார்த்தாலே வயிறு என்னவோ செய்கிறது. நான் இங்கே இருப்பதால் அதற்கு ஒரு பவர் எழுதி, லண்டனில் நம் ஹைகமிஷன் சான்று வாங்கி அனுப்ப வேண்டும். வக்கீல் எழுதிய நகல் வந்துவிட்டது. இரண்டே பக்கம்.

தாத்தா கட்டிய வீடு. 1956 இந்து வாரிசுச் சட்டத்திலேயே மகளுக்குக் கொஞ்சம் பங்கு இருந்தது. ஆனால் குடும்பம் குடியிருக்கும் வீட்டைப் பிரித்துக் கொடு என்று அவள் கேட்க முடியாது. ஆண்பிள்ளைகள் பிரிக்க நினைத்தால்தான் அவளுக்கும் வரும். கட்டிக்கொடுத்தவளுக்கு அங்கே தங்கும் உரிமையும் கிடையாது. கல்யாணம் ஆகாதவள், கைவிடப்பட்டவள், பிரிந்து வந்தவள், விதவை, இவர்களுக்குத்தான். என் வாழ்க்கை கெட்டால்தான் எனக்கு அந்த வீட்டில் இடம் என்று சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். 2005 வரை அது இருந்தது. 1989இல் தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் மகனுக்குள்ள அதே பங்கு மகளுக்கும் என்று சட்டம் வந்தது. அந்த மார்ச் 25க்கு முன் கல்யாணம் ஆனவளுக்கு இல்லை. எனக்கு 1988 ஆவணியில் கல்யாணம். ஏழு மாதம். பிறகு 2005இல் அதையும் சரிசெய்தார்கள். அதனால்தான் இன்று இவனுக்கு என் கையெழுத்து வேண்டியிருக்கிறது.

பணம் வேண்டாம். விற்கலாமா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். விலை பேசிவிட்டு வந்து கையெழுத்துக் கேட்கிறான்.

இரண்டு நாளாக இதே நினைப்பு. இட்லிக்கு ஊறப்போட்டதையே மறந்துபோனேன், மகள்தான் அரைத்தாள். இந்த நிலைமையில் அவளை அரைக்க விட்டிருக்கிறேன்.

ஜூன் 19, புதன்

நோல். தனியாகப் போனேன். அவளுக்கு இன்று செக்கப், மாப்பிள்ளை கூட்டிக்கொண்டு போனார். ரயிலில் செவனோக்ஸ் பத்தே நிமிஷம், பிறகு நடை.

வேலிக்குள் நுழைந்ததும் மான்கள். ஒன்றுகூட ஓடவில்லை. ஆயிரம் ஏக்கர். 1987 அக்டோபர் புயலில் ஒரே ராத்திரியில் இந்தக் காட்டின் பெரும்பகுதி சாய்ந்துவிட்டது. ஊருக்குப் பேர் தந்த ஏழு ஓக் மரங்களின் நினைவாக கிரிக்கெட் மைதானத்து ஓரம் நட்டிருந்தார்களே, அந்த ஏழில் ஆறு விழுந்தது. இப்போது பார்க்கும் மரமெல்லாம் அநேகமாக அதற்குப் பிறகு வளர்ந்தவை.

வீடு என்று சொல்லவே கூசுகிறது, ஊர் மாதிரி கிடக்கிறது. உள்ளே இருட்டு. பழைய துணி வெளுத்துப்போகும் என்று திரை போட்டு, வெளிச்சத்தை அளந்து விடுகிறார்கள். ஓர் அறையில் தரைப்பலகையைப் பெயர்த்தபோது உத்தரங்களில் பேய் பிசாசை விரட்டும் கீறல்கள் கிடைத்ததாம். 1606இல், முதலாம் ஜேம்ஸ் அரசர் தங்க வரக்கூடும் என்று கட்டிய அறை. பாராளுமன்றத்துக்கு வெடி வைக்கப் பார்த்த மறு வருஷம், ஊரே பயந்து கிடந்த சமயம். கணப்படுப்பைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாக, யாரோ தச்சன், அரசருக்குத் தெரியாமல், பலகை மூடும் முன் கீறியிருக்கிறான். எங்கள் ஆச்சி நிலைப்படியில் மஞ்சள் கை பதித்து வைத்தது போலத்தான். அரசர் வரவே இல்லை.

எழுத்தாளர் விட்டா சாக்வில்-வெஸ்ட் இங்கே 1892இல் பிறந்தார். ஒரே பிள்ளை. அப்பா 1928 ஜனவரியில் இறந்தார். வீடு சித்தப்பாவுக்குப் போயிற்று, பெண் என்பதால். ஒரே பிள்ளைக்கே!

வெளியே புல்லில் உட்கார்ந்து கொண்டுவந்த எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட முடியாமல் மூடி வைத்தேன். மகள் போன் பண்ணினாள். தலை இறங்கத் தொடங்கிவிட்டது. 138/86. சிறுநீரில் புரதம் இல்லை. பிறகு சாப்பிட்டேன்.

ஜூன் 20

தம்பி கூப்பிட்டான். எடுக்கவில்லை.

ஜூன் 23, ஞாயிறு

சிசிங்ஹர்ஸ்ட். போகவேண்டும் என்று நானே கேட்டு வாங்கிக்கொண்டது. மூன்று பேரும் போனோம்.

1930இல் விட்டாவும் கணவர் ஹெரால்ட் நிக்கல்சனும் வாங்கியபோது இது குப்பைமேடு. பழைய பெரிய வீட்டில் மிஞ்சியது ஒரு கோபுரமும் அங்கங்கே சில துண்டுகளும்தான். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் போர்க்கைதிகளை அடைத்து வைத்திருந்தார்கள், பிறகு ஏழைகள் விடுதி. ஒரு துண்டில் படுக்கை, இன்னொரு துண்டில் சாப்பாடு, கோபுரத்தில் அவர் எழுதும் அறை. மழையோ பனியோ, தோட்டத்தைக் கடந்துதான் சோற்றுக்குப் போக வேண்டும். கணவர் கோடு போட்டார், யூ மர வேலிகளை நேராக இழுத்தார். விட்டா அந்தக் கோட்டுக்குள் அடங்காமல் பொங்கும்படி நட்டார். 1938இல் ஊராருக்குத் திறந்துவிட்டார்கள், ஆளுக்கு ஒரு ஷில்லிங்.

வெள்ளைத் தோட்டம் நாங்கள் போனபோது சரியான பதத்தில் இருந்தது. நடுவில் இரும்புப் பந்தல் மேல் ஒரு காட்டு ரோஜா. சின்னச் சின்ன ஒற்றை அடுக்குப் பூ, ஐந்து இதழ், நடுவில் மஞ்சள் மகரந்தம். மொட்டு பாதி, பூ பாதி. கீழே நின்றால் மேலே தேனீ இரையும் சத்தம் மட்டும்தான். வெள்ளை என்கிறார்களே தவிர, பாதி இலையின் சாம்பல் நிறம்தான். அந்தச் சாம்பல் இல்லாவிட்டால் வெள்ளை இவ்வளவு எடுப்பாகத் தெரியாது.

இதுவும் அவருக்கு அந்நியமான இடமில்லை. நோல் வீட்டுச் சாக்வில் குடும்பத்தில் முன்னோர் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்ட சிசிலி பேக்கர் இந்த சிசிங்ஹர்ஸ்டில் பிறந்தவர். நானூறு வருஷம் கழித்து, பாட்டி பிறந்த வீட்டின் இடிபாட்டை விலை கொடுத்து வாங்கியிருக்கிறார்.

தேநீர்க் கடையில் பக்கத்து மேஜைப் பெண்மணி, நோல் அவருக்குக் கிடைத்திருந்தால் இந்தத் தோட்டமே வந்திருக்காது, நடந்ததெல்லாம் நன்மைக்குத்தான் என்றார். நல்ல பெண்மணி, மகளுக்குத் தன் நாற்காலியையும் கொடுத்தார். ஆனால் அந்தப் பேச்சு எனக்கு ஒப்பவில்லை. பறித்த பிறகு அவள் எதையாவது நட்டு வளர்த்தால், பறித்தது சரியாகிவிடுமா? அந்த ரோஜாவுக்கு விட்டாதான் பொறுப்பு. சித்தப்பாவுக்குப் போன வீட்டை அதன் கணக்கில் எழுத முடியாது. வரும் வழியெல்லாம் இதையே சொல்லிக்கொண்டு வந்தேன். மகள் கடைசியில், "கையெழுத்துப் போடாதீங்கம்மா, அவ்வளவுதானே" என்றாள்.

அவ்வளவுதானா? தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான்.

ஜூன் 25, செவ்வாய்

தம்பிக்கு எழுதினேன். போனில் பேசினால் நான் அழுவேன், அவன் கத்துவான்.

ஆடிக்கு முன் கையெழுத்து இல்லை. என் பங்குக்குப் பணமும் கேட்கவில்லை. பிள்ளை பிறந்து, ஐப்பசியில் நான் ஊருக்கு வந்து, வீட்டைத் திறந்து பார்த்த பிறகு பேசுவோம். அட்வான்ஸைத் திருப்ப வேண்டியிருந்தால் என் வைப்பு நிதியிலிருந்து எடுத்துக்கொள். தார்சாவில் ஓடு மாற்ற, மானவெளிச் சுவரைப் பூச எவ்வளவு ஆகும் என்று கொத்தனாரைக் கேட்டு வை. வீட்டை வைத்துக்கொள்ளப் பிரியப்படும் ஆள் யாராவது கிடைத்தால், அவர் யாராக இருந்தாலும், குறைந்த விலைக்கே கொடுக்கலாம். அன்றைக்கே கையெழுத்துப் போடுகிறேன்.

இரண்டு நீல டிக் வந்துவிட்டது. பதில் இல்லை.

ஜூன் 26

காலை 138/88. மாலை 140/88. வெள்ளிக்கிழமை எம்மெட்ஸ் தோட்டத்துக்குப் போகலாம் என்கிறாள் மகள். நான் பேசாமல் இருந்தேன்.

ஜூன் 27, வியாழன்

விடிகாலை 148/94. பத்து நிமிஷம் படுக்கவைத்து மறுபடி பார்த்தோம், 146/92. தலைவலி இருக்கிறது என்கிறாள். வார்டுக்குப் போன் பண்ணியாயிற்று, பையோடு வரச் சொல்கிறார்கள்.